டேலின் போன் மீன் பிடிக்கப் போன ஞாயிறு

மெரின் குசிக் பொறாமைக்காரி. இதை அவள் முதுகுக்குப் பின்னால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவளே சொல்வாள். "எங்கம்மா எனக்கு விட்டுட்டுப் போனது ரெண்டு. ஒண்ணு நல்ல காது, இன்னொண்ணு வயித்தெரிச்சல்" என்பாள். காது எங்களுக்குப் பயன்பட்டது. வயிற்றெரிச்சல் அவள் புருஷன் டேலுக்கு.

ஹோபார்ட்டில் இருக்கும் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. தாஸ்மானியா முழுவதும் எங்கே யார் மூன்று பூஜ்யத்தை அழுத்தி ஆம்புலன்ஸ் கேட்டாலும் அழைப்பு இந்த அறைக்குத்தான் வரும். அவள் அழைப்பை எடுப்பாள். பேசுவாள், கேட்பாள், தட்டச்சு செய்வாள். அவள் தட்டுவது என் திரையில் விழும். நான் வண்டியை அனுப்புவேன். அவள் குரலில் ஒரு கனிவு உண்டு. பாம்பு கடித்தவனைக்கூட மூச்சை எண்ண வைத்துவிடுவாள்.

அழைப்பு வந்தவுடன் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எங்கே இருக்கிறீர்கள்? என்ன ஆயிற்று என்பது அதற்குப் பிறகு. எங்கே என்று தெரிந்துவிட்டால் பேச்சு அறுந்துபோனாலும் வண்டி போய்ச் சேரும். முன்பெல்லாம் கைபேசியிலிருந்து அழைத்தால், எந்தக் கோபுரம் வழியாக வந்தது என்பது மட்டும்தான் தெரியும். திரையில் பெரிய வட்டம் ஒன்று விழும். அதற்குள் ஒரு மலை இருக்கும், பாதிக் கடல் இருக்கும், நானூறு வீடு இருக்கும். இப்போது அவசர எண்ணை அழுத்தியதும் போன் தானே விழித்துக்கொள்கிறது. வானத்துச் செயற்கைக்கோள்களையும் அக்கம்பக்கத்து வைஃபையையும் விசாரித்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறது. அழைப்பவருக்கு அது போனதே தெரியாது. சில நொடிகளில் பெரிய வட்டம் சுருங்கி ஒரு கூரைமேல் வந்து உட்காரும். சில சமயம் இரண்டு மூன்று கூரைமேல்.

நாள் முழுக்க இப்படி ஊரார் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவளுக்கு, சொந்தப் புருஷன் இருக்கும் இடத்தைப் பார்க்கத் தோன்றாமல் இருக்குமா? குடும்பத்தார் ஒருவர் இருக்குமிடத்தை ஒருவர் பார்க்கும் வசதியை டேலின் போனில் அவளே போட்டுக் கொடுத்தாள். தேநீர் இடைவேளையில் ஓய்வறைக்குப் போனதும் கெட்டிலைப் போடுவாள், போனை எடுப்பாள், நீலப்புள்ளியைத் தேடுவாள்.

எங்கள் மேற்பார்வையாளர் வாரிக் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன மெரின், உன் ஆள் நகந்தானா?"

"ஹார்டுவேர் கடையில நிக்கிறான்."

"ஆணி வாங்குறானா, ஆள் பாக்குறானா?"

"ஆணிதான். ஆளு டாட்ஜஸ் ஃபெரியில இல்ல இருக்கா."

டாட்ஜஸ் ஃபெரியில் இருந்தவள் நெரிடா. டேலின் முதல் மனைவி. பிள்ளை இல்லை. இருவரும் சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் மெரினுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர்களோ கைகுலுக்கிப் பிரிந்தார்கள். அவளுக்கு விடிந்தால் கடல் வேண்டும். அவனுக்கு சனி ஞாயிறு முழுக்க டிவியில் ஃபுட்டி, அதாவது அந்த ஊர்க் கால்பந்து, வேண்டும். அவ்வளவுதான் வழக்கு. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கடற்கரைக்கு அருகே இருந்த பழைய மரவீட்டை நெரிடா எடுத்துக்கொண்டாள். குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். உயரமானவள், உரக்கச் சிரிப்பவள். அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல ஆள் கிடைக்காது. மெரின் தேடிப் பார்த்திருக்கிறாள்.

மாமியார் ஏவிஸ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த நெருப்பை ஊதிவிடுவார். மெரின் காலையிலிருந்து பாடுபட்டு முட்டை வெள்ளையை அடித்துப் பாவ்லோவா கேக் செய்து, மேலே க்ரீமும் ஸ்ட்ராபெரியும் வைத்து மேஜைக்குக் கொண்டு வருவாள். அது நடுவில் குழிந்திருக்கும். ஏவிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்து, "பரவால்ல கண்ணு, ருசி எங்க போயிடப் போகுது? நெரிடா செஞ்சா மட்டும் இப்படி அமுங்காது. அவ கை அப்படி" என்பார். ஒரு வருடம் அந்தத் தட்டு நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனது. மறுநாள் வேலைக்கு வந்தவள், "பதினோரு வருஷம் ஆச்சு. முட்டைல கூட அவ பேரு எழுதியிருக்கு எனக்கு" என்று பொருமினாள்.

டேல் கெட்டவன் இல்லை. குழாய் வேலை செய்பவன், கொஞ்சம் சோம்பேறி, யார் கூப்பிட்டாலும் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன். நெரிடா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மோட்டார் பழுதானால் அவன்தான் போய்ச் சரிசெய்வான். திரும்பி வந்ததும் விசாரணை தொடங்கும். என்ன பேசினாள், என்ன உடுத்தியிருந்தாள், டீயா காப்பியா. நீலப்புள்ளி வந்த பிறகு விசாரணை குறைந்தது. டாட்ஜஸ் ஃபெரி பக்கம் புள்ளி போவதே நின்றுவிட்டது. ஞாயிறுகளில் டேல், பாட்ஜ் என்ற தன் சிநேகிதனோடு தெற்கே கெட்டரிங்குக்கு மீன் பிடிக்கப் போகத் தொடங்கினான். புள்ளி அங்கே கடல் தண்ணீரில் மெதுவாக மிதக்கும். மெரின் பார்த்துப் பார்த்துக் குளிர்ந்தாள்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். வசந்தகாலம், நடுப்பகல், அழைப்பு குறைவு. இடைவேளை முடிந்து வந்து காதில் கருவியை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "என் ஆள் கடல் நடுவுல இருக்கான். கூட பாட்ஜ் மட்டும்தான். பாட்ஜ் மேல எனக்கு ஒரு பொறாமையும் இல்ல. அவன் குளிச்சே நாலு நாள் இருக்கும்."

சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு அழைப்பு வந்தது. எண் அவளுக்குத் தெரியாத எண். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்பதை நான் பிறகு ஒலிப்பதிவில்தான் கேட்டேன்.

"ஆம்புலன்ஸ். எந்த இடத்துக்கு வரணும்?"

"வில்லோ தெரு, பதினேழு, பெல்லரீவ். சீக்கிரம் வாங்க, சீக்கிரம்! என் பொண்டாட்டி மூச்சு விடல. பேசிட்டே இருந்தா, அப்படியே விழுந்துட்டா."

பதினேழு, வில்லோ தெரு மெரினின் வீடு. குரல் டேலின் குரல்.

விலாசம் என் திரையில் விழுந்தது. நான் பெல்லரீவுக்குப் பக்கத்திலிருந்த வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அந்த விலாசம் யாருடையது என்று என் மூளைக்கு எட்டவில்லை. அப்போதுதான் மெரினின் இடது கை மேலே எழுந்தது. நில் என்று.

அவள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வட்டம் வந்திருந்தது. அது பெல்லரீவ் பக்கமே இல்லை; வளைகுடாவைத் தாண்டி டாட்ஜஸ் ஃபெரி, கார்ல்டன், இடையில் இருக்கும் மணல், தண்ணீர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பெரிய வட்டத்துக்குள் ஒரு படகுத்துறை இருக்கிறது, மீன்வறுவல் கடை இருக்கிறது. அவற்றில் ஏதோ ஒன்றில் அவன் இருக்கட்டும் என்று அந்த இரண்டு மூன்று நொடியில் வேண்டிக்கொண்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். போன் அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. வட்டம் சுருங்கியது. கடற்கரையிலிருந்து இரண்டாவது தெரு. மூன்று கூரைகள்.

"சார், நீங்க பெல்லரீவ்ல இல்ல. திரையில டாட்ஜஸ் ஃபெரின்னு காட்டுது" என்றாள். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பத்து வருடத்துக்கும் மேலாகப் படுக்கையில் கேட்ட குரலை அவன் இப்போதுதான் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

"மெரின்?"

"ஆமா."

"மெரின், நான் வந்து..."

"நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும் டேல். போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. அவளை மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கு. நான் எண்றேன்."

என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "டாட்ஜஸ் ஃபெரி, பேண்டிகூட் சந்து. முனையிலேர்ந்து மூணாவது வீடு, புல்லு மேல நீலப் படகு கவுத்திருக்கும். வாசக்கதவு தொறந்தேதான் கிடக்கும்."

மூன்று கூரைகளில் எது என்று வட்டம் சொல்லவில்லை. அவள் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. அடுத்த ஊரான ஸொரெலிலிருந்து வண்டியைக் கிளப்பினேன். அது வந்து சேரக் கால்மணி நேரமாவது ஆகும். ஊர்த் தன்னார்வலர்களுக்கும் தகவல் விட்டேன். அவர்களில் ஒருத்தி நான்கு தெரு தள்ளி இருந்தாள். நெஞ்சுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி அவள் காரிலேயே இருந்தது.

வாரிக் விஷயம் புரிந்து ஓடி வந்தார். சொந்தக்காரர் அழைப்பென்றால் வேறொருவர் எடுத்துக்கொள்வது வழக்கம். "குடுத்துடு மெரின், நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எண்ணிக்கை நிற்கவில்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இன்னும் வேகமா. ஒண்ணு, ரெண்டு..."

"ஏதோ முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு மெரின்! எலும்பு..."

"முறியட்டும். நீ அமுக்கு. நிறுத்துன, அவ போயிடுவா. அமுக்குடா!"

விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தக் கூடாது என்பதுதான் எங்கள் பாடம். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் அந்த "முறியட்டும்" என்ற சொல்லில் இருந்த சூட்டை அதற்கு முன்னும் பின்னும் அவள் குரலில் நான் கேட்டதில்லை. டேல் அழுதுகொண்டே அமுக்கினான். "நெரி, போகாத, நெரி" என்று நடுநடுவே வந்தது. அதற்கும் மேலே மெரின் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓடி வரும் காலடிச் சத்தமும் அந்தத் தன்னார்வலப் பெண்ணின் குரலும் கேட்டன. பெட்டி ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தது. இரண்டாம் முறை. யாரோ "துடிக்குது" என்றார்கள்.

மெரின் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். எழுந்து ஓய்வறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேலின் நீலப்புள்ளி கெட்டரிங் பக்கத்துக் கடலில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, போன் மீன் பிடிக்குது" என்றாள். "பாட்ஜ் கிட்ட குடுத்தனுப்பியிருக்கான். நம்மள கூப்பிட்டது அவ போன்ல. எத்தனை ஞாயித்துக்கிழமை இப்படிக் கடலைப் பாத்து உருகியிருக்கேன் நான்!"

"அந்த வீடு உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒருநாள் தெருமுனையில காரைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். சும்மா, அவ எப்படி இருக்கான்னு பாக்க. ஒரு மத்தியானம் பூரா." கெட்டிலைப் போட்டுக்கொண்டே, "வெக்கமாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அன்றிரவு வீட்டில் நடந்ததை அவள்தான் சொன்னாள். நெரிடாவின் இதய வால்வு பழுதாகி, அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தாள். யாரிடமும் சொல்லாதே என்று டேலிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சொன்னால் நீச்சல் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். விறகு வெட்டவும் தொட்டியைப் பார்க்கவும் ஞாயிறுதோறும் அவன் போய்வந்தான். அவ்வளவுதான் என்று சத்தியம் செய்தான்.

"நோயாளிய பாக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"ஆமா. நீ என்ன பண்ணுவேன்னு உனக்கே தெரியும். அவ என்ன உடுத்தியிருந்தான்னு கேப்ப."

"கேட்டிருப்பேன்தான். சரி, அதை விடு. பொண்டாட்டின்னு சொன்னியே?"

"பயத்துல வாய் குளறிடுச்சு."

"குளறின வாயில விலாசம்னு வந்தது நம்ம வீடு. பொண்டாட்டின்னு வந்தது அவ. நான் எதை எடுத்துக்கறது டேல்?"

அவள் பக்கத்து அறையில் போய்ப் படுத்தாள். பல வாரம் அங்கேயே படுத்தாள்.

இதுபோன்ற பெரிய அழைப்புகளை நாங்கள் பிறகு உட்கார்ந்து கேட்டுப் பார்ப்போம். மெரின் செய்ததில் ஒரு பிழையும் இல்லை என்றார் வாரிக். அவள் நன்றி சொல்லிவிட்டு, "அந்த ஆரம்பத்தை மட்டும் இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டார். "இன்னொரு தடவை" என்றாள். வாரிக் அணைத்துவிட்டார். "போதும்மா. அதுல ஒண்ணும் புதுசா சொல்லப் போறதில்ல."

நெரிடா பிழைத்தாள். வால்வும் மாற்றினார்கள். இலையுதிர் காலத்தில், உயிர் பிழைத்தவர்களை வரவழைத்து அழைப்பெடுத்தவர்களோடு தேநீர் கொடுக்கும் ஒரு சின்ன வைபவம் எங்கள் மையத்தில் நடந்தது. ஸ்கோன் பன்னும் ஜாமும் வைத்திருந்தோம். மெரின் அன்று உடம்பு சரியில்லை என்று விடுப்பு சொல்லப் பார்த்தாள். நான்தான் இழுத்து வந்தேன். முடியைப் புதிதாகக் கத்தரித்துக்கொண்டு உதட்டில் சாயம் பூசி வந்திருந்தாள். யாருக்குப் போட்டியாக என்று கேட்கவில்லை.

நெரிடா மெலிந்து பாதியாக இருந்தாள். ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. நேராக வந்து மெரினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நாலு விலா முறிஞ்சுது. அது உன் வேலைன்னு சொன்னாங்க."

"அமுக்கினது அவன். நான் எண்ணினேன், அவ்ளோதான்."

"உன் இடத்துல நான் இருந்திருந்தா, அந்த பெல்லரீவ் விலாசத்துக்கே வண்டியை அனுப்பியிருப்பேன்" என்று சொல்லி உரக்கச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

மெரின் சிரிக்கவில்லை. "எனக்கும் தோணுச்சு. ஒரு நொடி. தோணலைன்னு சொன்னா பொய்" என்றாள்.

நெரிடா தலையசைத்தாள். "டேல் என்னைத் தேடி வந்தது எனக்காக இல்ல மெரின். அவனுக்கு யாராவது உடஞ்சு கிடக்கணும், போய் ஒட்டணும். நீ எதுவும் உடையாம நிக்கிற. அதான் பயப்படறான்."

இதைக் கேட்டு மெரினின் மனம் ஆறியது என்று எழுத ஆசைதான். வண்டிக்குப் போகும்போது அவள் சொன்னது வேறு. "பாத்தியா? சாவு வரைக்கும் போயிட்டு வந்தும் எவ்ளோ அழகா பேசறா! எனக்கு ஒரு வாக்கியம் இப்படி வருமா?"

வீட்டில் நிலைமை மெல்லத் தேறியது. டேல் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் போனான். சில ஞாயிறு மெரினும் கூடப் போனாள். மரவீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, அவர்கள் இருவரும் பழைய கதை ஏதோ பேசிச் சிரிக்கும்போது, தானும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள். தன் படுக்கைக்கு அவள் எப்போது திரும்பினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. இதய அறுவை ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் நெரிடா மெர்வ் என்பவரைப் பார்த்தாள். கடலில் முங்கிச் சிப்பி எடுத்துக்கொண்டிருந்தவர், மனைவியை இழந்தவர், அறுபது தாண்டியவர். அடுத்த கோடையில் கல்யாணம் என்று நெரிடா போனில் சொன்னபோது டேல் தட்டில் கறியை வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி நின்றுவிட்டது.

"அந்தாளுக்கு ரெண்டு முட்டியும் போச்சு" என்றான் போனை வைத்ததும். "இவளை எப்படிப் பாத்துப்பான்?" சிறிது நேரம் கழித்து, "அவன் படகைப் பாத்திருக்கியா? பெயிண்ட் அடிச்சே பத்து வருஷம் இருக்கும்." படுக்கப் போகும்போது, "அவன் பேசறதே எனக்குப் புடிக்கல."

மெரின் கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வாயிலிருந்து வருடக்கணக்காக வந்த வார்த்தைகள் வேறொரு வாயிலிருந்து வருவதைக் கேட்பது விநோதமாக இருந்ததாம். "இத்தனை வருஷம் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் நேத்து சாயங்காலம் பதில் கிடைச்சுது" என்று மறுநாள் என்னிடம் சொன்னாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வலி இருந்தது. ஆனால் கோபம் இல்லை.

கல்யாணம் கார்ல்டன் கடற்கரையில் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். மெர்வ் முட்டி வலியோடு மெரினைக் கூப்பிட்டு ஒரு பாட்டுக்கு ஆடினார். அவள் நன்றாக ஆடுவாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டேல் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, யாருமே கேட்காத சாஸேஜ்களைப் புரட்டிப் புரட்டிக் கரியாக்கினான்.

திரும்பும்போது அவர்கள் காரில் பின்சீட்டில் நான் இருந்தேன். மெரின் ஓட்டினாள். ஸொரெல் தாண்டி நீர்மேல் போகும் நீளச் சாலை வந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

டேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ம்."

"எங்க, இங்கயா?" இடது கையால் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆமா. அங்கதான்."

"சூடா எதாவது குடி. போகாது. கொஞ்சம் அடங்கும்" என்றாள் மெரின். மிட்வே பாயிண்டில் கடை ஒன்று திறந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எங்கள் மூவருக்கும் டீ வாங்க இறங்கினாள்.